ரிப்பேருக்குப் போன ஆம்ப்ளிஃபையர்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளைக்குக் குறைந்தது இருபது பேரையாவது நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் அந்தக் கனமான சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "முதல்ல போட்டது தெளிவா இருக்கா, இப்பப் போட்டதா?" என்று கேட்பாள். சிலர் பட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர், தப்பாகச் சொன்னால் ஃபெயில் ஆக்கிவிடுவார்களோ என்று திருதிருவென்று விழிப்பார்கள். அவர்களிடம், "இது பரீட்சை இல்லீங்க, உங்களுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க" என்பாள். பதினாறு வருஷமாக இதே பேச்சுதான்.

ஒரு வியாழக்கிழமை, கடைக்கு வார விடுமுறை நாளில், அவளே அப்படி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து விழிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆடியோ கடை ஒரு வங்கிக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்து கதவு சாத்திக்கொண்டதும், யாரோ பின்னாலிருந்து வந்து காதைப் பொத்தினதுபோல் தெருச் சத்தம் நின்றுபோனது. சுவரெங்கும் துணி ஒட்டிய பலகைகள். தரையில் கால் புதைகிற விரிப்பு. ஐம்பதை ஒட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு எதிரே வந்தார். வருகிறவர்களுக்குக் கருவிகளைப் போட்டுக் காட்டுவதும், வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பொருத்திக் கொடுப்பதும் அவர் வேலை. கடையில் எல்லாருக்கும் அவர் டெமோக்காரர்.

"வீட்ல ஸ்பீக்கர் இருக்கு சார். அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபையர் வேணும்" என்று கையிலிருந்த சீட்டை நீட்டினாள். ஸ்பீக்கரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து எழுதி வந்த எண் அதில் இருந்தது.

டெமோக்காரரின் புருவம் மேலே போனது. "இதுவா? தோள் உயரம் நிக்குமே."

"ஆமா. என் தோளுக்கு ஒரு விரக்கடை கம்மி."

"நம்ம கடையில இது மூணு ஜோடிதான் போயிருக்கு மேடம். சத்தம் சொக்க வைக்கும். ஆனா சரியான சாப்பாட்டு ராமன். பேஸ், அதான் அந்தக் கும்முனு அடிக்கற கீழ்ச்சத்தம், வர்ற இடத்துல கரண்டை அப்படியே உறிஞ்சும். அட்டைல இருநூறு வாட்ஸ்னு போட்டிருக்கறதை நம்பி ஒரு ஆம்ப் வாங்கிட்டுப் போனீங்கன்னா, பாதிப் பாட்டுல அதுக்கு மூச்சு வாங்கும். பழைய ஆம்ப் என்ன ஆச்சு?"

"அது ரிப்பேர். எங்க வீட்டுக்காரர் உங்ககிட்டதான் குடுத்தார், எட்டு மாசம் முன்னாடி. பார்ட் கிடைக்கலை, சரி பண்ண முடியாதுன்னு சொல்லிட்டீங்களாம்."

"அப்படியா? பார்க்கறேன். சார் பேர் சொல்லுங்க."

சொன்னாள். டெமோக்காரர் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். பிறகு விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"இல்லையா சார்?"

"இருக்கு... இருக்கு மேடம். பழசு." சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினார். "டீ சாப்பிடறீங்களா? சொல்றேன்" என்று அவள் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். நல்ல கடை, வந்ததும் டீயெல்லாம் கொடுக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் பாலம் கட்டும் கம்பெனியில் என்ஜினியர். எட்டு மாசத்துக்கு முன்னால் எங்கோ தூரத்தில் ஒரு ஆற்றுப் பாலம் என்று கிளம்பிப் போனவர். முதலில் மாசம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்தார். பிறகு அதுவும் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் மட்டும் தவறாமல் வரும். அடுத்த மாசம் வேலை முடிகிறது, வந்துவிடுவேன் என்று போன வாரம் சொல்லியிருந்தார்.

வீட்டில் இரண்டு படுக்கையறைகள். பெரியது ஸ்பீக்கருக்கு. சின்னதில் கணவன் மனைவி. வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவளும் அந்த அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான். "அந்த இடத்துல பேஸ் இறங்குச்சே, கேட்டியா?" என்பார். "ம்" என்பாள். "என்ன கேட்ட?" என்பார். அவளுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். "உனக்குக் காது கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். கோபமெல்லாம் இல்லை. நீ கொஞ்சம் குள்ளம் என்று சொல்வதுபோல, உள்ளதைச் சொல்கிற தொனி. அவளும் அதை உள்ளது என்றே எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிட்டாள்.

ஒரு தடவை மேல்வீட்டுக் குழந்தை தத்தித் தத்தி அந்த அறைக்குள் போய், ஸ்பீக்கரில் கண் மாதிரி இருந்த சின்னக் குமிழை விரலால் அமுக்கிவிட்டது. குழி விழுந்துவிட்டது. அவர் குழந்தையை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி அவள் களைத்துப்போன ஒரு நாளில், "போதும் விடு. நாம ரெண்டு பேரும் நிம்மதியாத்தானே இருக்கோம்" என்று சொன்னதும் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் மனசுக்குள் அவரைத் தலைமேல் வைத்திருந்தாள்.

அவள் ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் பெட்டியும் கையுமாக வந்து இறங்கும்போது அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். புது ஆம்ப்பில் விளக்கு எரிய வேண்டும். அவருக்குப் பிடித்த ரெக்கார்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடத்துல பேஸ் இறங்குது பாருங்க" என்று அவள் சொல்ல வேண்டும். அவர் திரும்பி அவளைப் பார்க்க வேண்டும்.

அந்த முதல் வியாழக்கிழமையே ஒரே பாட்டை மூன்று ஆம்ப்பில் போட்டுக் காட்டிவிட்டு, "எது பிடிச்சது மேடம்?" என்று டெமோக்காரர் கேட்டார்.

"உண்மையைச் சொல்லட்டுமா சார்? மூணும் ஒண்ணுதான்."

டெமோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இருபது வருஷமா இந்த ரூம்ல நிக்கறேன். இதை தைரியமாச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாம் தலையாட்டிட்டு, விலை அதிகமானதைக் காட்டுவாங்க."

"எனக்குக் காது கிடையாது. எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."

அவர் சிரிப்பு நின்றது. "காது எல்லாருக்கும் இருக்கு மேடம். கண்ணு பாக்கற வேலைன்னு சொன்னீங்களே? படிக்கத் தெரியாதவங்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

"படம் போட்ட அட்டை வெச்சிருக்கோம். மீன், வீடு, குடைன்னு."

"அப்ப இங்கேயும் அதே மாதிரி ஆரம்பிப்போம். பாட்டை விடுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல பாடற பொண்ணு எங்க நிக்கற மாதிரி கேக்குது, அதை மட்டும் சொல்லுங்க."

அடுத்த வாரம் அவள் சொன்னாள், நடுவில் இல்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிற்கிறாள் என்று. அதற்கடுத்த வாரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கையைத் தூக்கினாள். "சார், நிறுத்துங்க. பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறா."

"கேட்டுட்டீங்களா?"

"உதடு பிரியற சத்தம்கூடக் கேக்குது. இது முன்னாடி போட்ட ஆம்ப்ல இல்லையே?"

"அதுலயும் இருந்துச்சு. அது அமுக்கிருச்சு, இது விடுது. அவ்வளவுதான் வித்தியாசம்." டெமோக்காரர் முகத்தில் ஒரு கணம் அப்படியொரு சந்தோஷம். அடுத்த கணமே அது வடிந்துபோனது. ஒயரைச் சுற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "எதுக்கு மேடம் அவசரம்? சார் வந்தப்புறம் ரெண்டு பேருமா வந்து பாருங்களேன்" என்றார்.

இதை அவர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இவ்வளவு பெரிய சாமான் எதற்கு என்று நினைக்கிறார்போல. "அவருக்குத் தெரியாம வாங்கணும்னுதான் சார் வர்றேன். உங்களுக்கு விக்க இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க" என்றாள்.

"ஐயோ, அப்படி இல்ல மேடம்."

"அப்ப அடுத்த வாரம் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து போட்டுக் காட்டுங்க. எங்க ரூம்ல, எங்க ஸ்பீக்கர்ல கேட்டுட்டு முடிவு பண்றேன்."

நாலாவது வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டெமோக்காரர் இரண்டு ஆம்ப்பைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒன்று வால்வு போட்டது, சின்னச் சின்னப் பல்பு மாதிரி மேலே எரிகிறது. இன்னொன்று டிரான்சிஸ்டர், பார்க்க ஈயப் பெட்டி, முப்பத்தி இரண்டு கிலோ. அதைத் தூக்கி அறைக்குள் வைப்பதற்குள் அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. அவள் தண்ணீர் கொடுத்தாள். ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து, மாட்டிய ஒயரையே கழற்றி மறுபடி மாட்டினார். சுமை தூக்கிய களைப்பு என்று நினைத்தாள்.

வால்வு ஆம்ப்பை அரைமணி நேரம் சூடாக விட்டு, முதல் பாட்டைப் போட்டார்கள். பாடுகிறவள் அறைக்குள்ளேயே வந்து நின்றாள். கடையில் அவள் மனசைப் பறிகொடுத்தது இந்த ஆம்ப்பிடம்தான். ஆனால் பாட்டு முடிந்ததும் அவள் முகம் சுளித்தாள்.

"குரல் தேனா இருக்கு சார். ஆனா கீழே, அந்த பேஸ்... தொளதொளன்னு இருக்கு. அப்பா சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி."

டெமோக்காரர் ஒயரைக் கழற்றி ஈயப் பெட்டியில் மாட்டினார். அதே பாட்டு. அவள் இந்த முறை கண்ணை மூடவில்லை. அந்த அறையில் பதினேழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது என்ன என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு தந்தியும் தனியாக எழுந்து, அதிர்ந்து, அடங்கி, அடுத்ததற்கு வழிவிட்டது. குரல் கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது. இருந்தாலும் எதுவும் எதன் மேலும் இடிக்கவில்லை.

"இதுதான் சார். இந்த ஸ்பீக்கருக்கு இதுதான்."

"சரியாச் சொன்னீங்க மேடம். நானா இருந்தாலும் இதைத்தான் எடுப்பேன்."

"அவர் வந்து கேக்கட்டும், அப்ப இருக்கு" என்று அவள் சின்னப் பிள்ளைபோல் கையைத் தட்டிக்கொண்டாள். "காது கிடையாதுன்னு இனிமே சொல்லட்டும் பாக்கலாம்."

டெமோக்காரர் பாட்டை நிறுத்தினார். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

"மேடம், உங்க பழைய ஆம்ப் ரிப்பேருக்கு வரவே இல்ல."

"புரியலை."

"அது நல்லாத்தான் இருக்கு. ஓடிக்கிட்டு இருக்கு. நான்தான் போய் மாட்டிக் குடுத்தேன், அஞ்சு மாசம் முன்னாடி. இதே ஊர்ல, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஃப்ளாட்ல. ஸ்பீக்கர் மட்டும் எங்ககிட்ட புதுசா வாங்கினார், சின்னது."

அவள் உடனே அதை நம்பாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். "யாராவது ஃப்ரெண்டுக்குக் குடுத்திருப்பார். அவருக்கு இரக்க மனசு."

"சார் அங்கதான் இருக்கார் மேடம். வீட்ல ஒரு அம்மா இருந்தாங்க. ஒரு குழந்தை. தவழ்ற குழந்தை." தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொல்லாம இருக்கவும் முடியலை."

எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலே அவள் கேட்டாள். "ஸ்பீக்கரை எங்க வெச்சீங்க?"

"கீழேதான். ஸ்டாண்டுல. குழந்தை கைக்கு எட்டுமே, மேல கம்பிவலை ஏதாவது போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், கை வெச்சா வெச்சுட்டுப் போகட்டும்னார்."

அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கிய விதத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஃப்ளாட்டைத் தாங்கிக்கொண்டாள், அந்த அம்மாவைத் தாங்கிக்கொண்டாள், குழந்தையைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டாள். வெச்சுட்டுப் போகட்டும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வாரம்" என்றாள் திரும்பாமல். "முதல் நாளே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பொண்ணு எங்க நிக்கறா, மூச்சு விடறாளான்னு என்னை உட்கார வெச்சுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"தப்புதான் மேடம். ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னு வருவேன். நீங்க சந்தோஷமாக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க." அவரே தொடர்ந்தார். "என் சம்சாரம் விஷயத்துல தெரு முழுக்கத் தெரிஞ்சிருந்துச்சு. கடைல எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது. அவ போனதுகூட அப்புறம் பழகிப்போச்சு மேடம். அத்தனை பேரும் என்கூட டீ குடிச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்தாங்களே, அதை மட்டும் இன்னும் மறக்க முடியலை."

"நீங்க கிளம்புங்க சார்."

அவர் வால்வு ஆம்ப்பை மட்டும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஈயப் பெட்டியைக் கழற்றுகிற நேரம்கூட அங்கே நிற்க அவருக்குத் தைரியமில்லை. வாசலில், "அதை அடுத்த வியாழக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்றார். அவள் தலையசைத்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண்ணாடிக் கடையின் பின்கட்டில் நின்றுகொண்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள். ஒருவேளை அந்த டெமோக்காரர் ஆள் மாறாட்டமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உலகத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க மாட்டார்களா?

"உங்க அண்ணன் ஊர்லதான் இருக்காராமே" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அதை மூடுகிற சத்தம்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "எத்தனை தடவை உங்களுக்குப் போன் பண்ண எடுத்துட்டு வெச்சிருக்கேன் தெரியுமா? அம்மா போனப்புறம் எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? சொன்னா நீங்க எங்க எல்லாரையும் விட்டுப் போயிடுவீங்களோன்னு..."

"குழந்தை அவர் சாடையா?"

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்ற வேண்டிய வேலையும் இவள் தலையில்தான் விழுந்தது. "சரி விடு, அழாதே, உனக்கு பிரஷர் ஏறும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். சாயந்திரம் வரை பதினோரு பேருக்குக் கண் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

அவள் அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒன்று நினைத்து வைத்திருந்தாள். உதடு பிரிகிற சத்தம்வரை கேட்கப் பழகிய காதாயிற்றே, அவர் பொய் சொல்லும்போது அது எங்கேயாவது இடறும், குரல் ஒரு இழை தடிக்கும், மூச்சு ஒரு இடத்தில் நிற்கும், இத்தனை நாள் கேட்காததை இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று.

"சாப்டியா?" என்றார்.

"ஆச்சு. அங்க வெயில் எப்படி?"

"சைட்ல நிக்க முடியலை. மண்டையைப் பொளக்குது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஏங்க, நம்ம பழைய ஆம்ப் என்னதான் ஆச்சு?"

"அதான் சொன்னேனே, பார்ட் கிடைக்கலைன்னு. கடையிலேயே கிடக்குது. ஏன்?"

எதுவும் இடறவில்லை. எதுவும் தடிக்கவில்லை. பதினேழு வருஷமாக எந்தக் குரல் சாப்டியா என்று கேட்டதோ, அதே குரல், அதே தெளிவு, அதே பிரியம். கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. அதுதான் அவளை உடைத்தது.

"குழந்தை எழுந்து நிக்குதா, இன்னும் தவழுதா?" என்றாள்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "யார் சொன்னா?" என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை வர்றேன். நேர்ல பேசலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பதினொரு மணிக்கு வந்தார். சாவி இருந்தும் காலிங் பெல்லை அடித்தார். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது, தூக்கம் போதாத ஆள்போல. சட்டையின் இடது தோளில், துடைத்தும் போகாத ஒரு வெள்ளைத் தடம். பால் கக்கியது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அவள் அதையே பார்த்தாள்.

கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக மனசில் அடுக்கி வைத்திருந்தாள். அதற்குள் அவர் கண் அவளைத் தாண்டித் திறந்திருந்த அறைக்குள் போய்விட்டது.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க வர்றப்ப வாங்கி வெக்கலாம்னு. பாத்துட்டு இருந்தேன்."

அவர் உள்ளே போய் ஈயப் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். மேலே கை வைத்துப் பார்த்தார். பின்னால் எட்டிப் பார்த்து, ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று விரலால் நெருடினார். அவர் வந்த காரியம் அவருக்கும் மறந்துவிட்டதோ, அல்லது அதை ஆரம்பிக்க முடியாமல்தான் இதைப் பிடித்துக்கொண்டாரோ. அலமாரியிலிருந்து ஒரு ரெக்கார்டை உருவிப் போட்டார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்றாள். பிறகு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு பக்கம் முழுக்க ஓடியது, இருபது நிமிஷம். பேஸ் இறங்கிய இடத்தில் அவர் தலை மெல்ல அசைந்தது. அதே கணத்தில் தன் தலையும் அசைந்ததை அவள் உணர்ந்தாள். அவர் கண் மூடியிருந்தது. அந்த முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை. இந்த அறையில், இந்த இருபது நிமிஷம், அவர் நிஜமாகவே நிம்மதியாக இருந்தார். ரெக்கார்டிலிருந்து முள்ளை எடுத்ததும் எழுந்து போய்விடவும் போகிறார். இரண்டும் ஒரே மனிதனுக்குள் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரெக்கார்டு முடிந்தது. அவர் கண்ணைத் திறந்தார். "நீயே பாத்து எடுத்தியா?"

"ம்."

"நல்லா எடுத்திருக்க. வேற எதுவும் இந்த ஸ்பீக்கரை இப்படிப் பிடிச்சு நிறுத்தாது."

பதினேழு வருஷம் காத்திருந்த வார்த்தை. அது அவளுக்கு இனித்தது. அந்த நிலையிலும் இனித்தது. அப்படி இனித்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட ஞாபகம் வராமல், வேறு ஒன்று வாயில் வந்தது.

"அவங்களுக்குக் காது உண்டா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அவளுக்கா? அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நான் பாட்டுப் போட்டா அவ மிக்ஸியைப் போடுவா" என்றார். சொல்லும்போது அவர் உதட்டோரம் தானாக ஒரு சிரிப்பு வந்தது. சட்டென்று அதை மறைத்துக்கொண்டார். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் நிறையப் பேசினார். தப்பு என்றார். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்றார். வக்கீல், கையெழுத்து, இந்த வீட்டில் நீயே இரு என்றெல்லாம் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி, பெரிய மனசு பண்ணுகிறவர்போல, "ஸ்பீக்கரையும் நீயே வெச்சுக்கோ" என்றார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு டெமோக்காரர் வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக அறைக்குள் போய் ஈயப் பெட்டியின் பக்கத்தில் நின்றார்.

"எடுத்துட்டுப் போகட்டுமா மேடம்?"

"எடுத்துக்குங்க. எனக்கு வேண்டாம்."

ஒயரைக் கழற்றினார். குனிந்து, மூச்சைப் பிடித்து, ஈயப் பெட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கினார். தள்ளுவண்டி வெளியே லிஃப்ட் பக்கத்தில் நின்றது. கூடத்தைத் தாண்டி அவர் வாசலுக்கு வரும்போது அவள் கதவருகே நின்றிருந்தாள்.

"உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன் சார்."

"இருக்கட்டும் மேடம். நியாயம்தானே."

"அவளுக்கும் காது கிடையாதாம்" என்றாள். தமாஷாகச் சொல்லத்தான் நினைத்தாள். பாதிச் சிரிப்பும் வந்துவிட்டது. "நான் இத்தனை நாளும் அதுதான் காரணம்னு..." ஒரு வாரமாக எங்கே இருந்ததோ அந்த அழுகை, நாத்தனாரிடம் வராதது, போனில் வராதது, அவர் எதிரில் வராதது, இப்போது ஒரு மாசம்தான் பழகிய ஒரு மனிதர் முன்னால் வந்தது. கதவில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதாள்.

டெமோக்காரருக்குப் பெட்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. வைத்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியாக வேண்டும், தூக்கிக்கொண்டு நகர்ந்தால் அவளைத் தாண்டிப் போக அவசரப்படுகிற மாதிரி இருக்கும். அழாதீங்க என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. முப்பத்தி இரண்டு கிலோவையும் சுமந்துகொண்டு அப்படியே நின்றார். கை நரம்பு புடைத்தது. நெற்றியில் வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. அவள் அழுது முடிக்கும்வரை நின்றார்.

ஒரு வழியாக அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் நிற்கிற நிலை அப்போதுதான் கண்ணில் பட்டது. "ஐயோ, கனமா இருக்குமே" என்று முன்னால் ஓடிப்போய் லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள். தள்ளுவண்டி உருண்டுவிடாமல் காலால் முட்டுக் கொடுத்து, அவர் பெட்டியை இறக்கும்வரை பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் எங்கோ கீழ்த் தளத்தில் நின்றுகொண்டிருந்தது. இருவரும் அது வருவதைப் பார்த்தபடி நின்றார்கள்.